லாக் புக் வேறு, யோசனை நோட்டு வேறு: கொங்கு வட்டாரச் சுற்றுலா, ஓட்டல் மேலாண்மைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களின் கீழ் சுற்றுலா, ஓட்டல் மேலாண்மை, கேட்டரிங் பாடங்களை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓட்டலிலோ டிராவல்ஸிலோ டிரெயினிங் முடித்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு லாக் புக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்கிறார். நாள், துறை, செய்த வேலை, கற்றுக்கொண்டது, மேற்பார்வையாளர் கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். அதில் நான்காவது கட்டத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். "பத்து ரூம் கிளீன் செய்தேன். நல்ல அனுபவம். நிறையக் கற்றுக்கொண்டேன்." அடுத்த நாள் பன்னிரண்டு ரூம், அதே அனுபவம். கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது என்பதை மையின் நிறமே சொல்லிவிடும்.

இதற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு படிவத்தில் இருக்கிறது. "ஆள் பத்தவில்லை, பாத்ரூம் தரையைத் துடைக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு ரூம் ரெடி என்று கொடுத்தோம்" என்று ஒரு பையன் எழுதி, அதே பக்கத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் கையெழுத்துக்கு நீட்டுவானா? அவனுடைய சான்றிதழ், உதவித்தொகை, நாளைக்கு அங்கேயே கிடைக்கக்கூடிய வேலை எல்லாம் அந்தக் கையில் இருக்கின்றன. நீட்டமாட்டான். நீட்டக்கூடியதை மட்டும் எழுதுவான். அதைத்தான் இத்தனை ஆண்டுகளாக நாம் 'கற்றல்' என்று திருத்திக்கொண்டிருக்கிறோம்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை: இரண்டு நோட்டு வையுங்கள். வருகையும் செய்த வேலையும் லாக் புக்கில் இருக்கட்டும். ஓட்டலோ டிராவல்ஸோ கையெழுத்துப் போட்டு சீல் வைக்கட்டும். நடந்ததை அசைபோட்டு எழுதும் யோசனை நோட்டு கல்லூரி ஆசிரியர் கண்ணுக்கு மட்டும். இதை ஓட்டலுக்கு அனுப்பும் கடிதத்திலும் எழுதிவிடுங்கள். மறைவாகச் செய்தால் பையன் உளவு பார்க்க வந்தான் என்று பேர் வாங்குவான்.

அந்த இரண்டாம் நோட்டில் என்ன எழுதுவது, அதை எப்படிப் படிப்பது என்பதற்குத்தான் இந்த மடலின் மீதி.

வேலையை ஒட்டிய யோசனையில் இரண்டு வகை உண்டு என்று 1983இல் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷான். வேலை நடக்கும்போதே கவனித்துக் கையை மாற்றுவது ஒன்று, முடிந்தபின் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது மற்றது. நம் பாடத்திட்டங்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டன. ஆனால் இந்தத் தொழிலில் சோறு போடுவது முதலாவதுதான்.

சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணித் தொழில், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு என்று தொல்லியலில் பேர்பெற்ற ஊர். வண்டியை விட்டு இறங்குகிறவர் கண்ணுக்குப் படுவதோ பெரும்பாலும் காடும் தோட்டமும்தான். மனப்பாடம் செய்த ஆண்டுக் கணக்கை ஒப்பிக்கத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் பின்வரிசை நிழலைத் தேடிக் கழன்றுவிடும். அதைக் கவனித்த வழிகாட்டி பேச்சை நிறுத்துகிறார். "இத்தனூண்டு கல்லுல நூல் கோக்க ஓட்டை போடோணும். கரண்டு கிடையாது, மிஷின் கிடையாது. எப்படிங்க போட்டிருப்பாங்க?" என்று கேட்கிறார். செதுக்கியது, பாதி தேய்த்தது, துளையிட்டது என்று செய்முறையின் பல கட்டங்களிலும் அங்கே மணிகள் கிடைத்திருப்பதால் அந்தக் கேள்விக்கு விடையும் உண்டு. கூட்டம் திரும்பி வருகிறது. இது முதல் வகை. எந்த முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினோம் என்று அன்று மாலையே நாலு வரி எழுதிவைப்பது இரண்டாவது. எழுதிவைத்தவர் அடுத்த முறை அந்தக் கேள்வியோடுதான் பேச்சையே தொடங்குவார். எழுதாதவருக்கு அது அன்றைய அதிர்ஷ்டம், அவ்வளவே.

எழுதும் முறைக்குப் பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்துவது கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகள்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், காரணம், முடிவு, அடுத்த செயல். முறையில் குற்றமில்லை. ஆறையும் ஆறு பெட்டியாக அச்சடித்துக் கொடுப்பதில்தான் கெடுகிறது. முதல் பெட்டி நிரம்பி வழியும். இரண்டாவதில் 'மகிழ்ச்சி' அல்லது 'பயம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். நான்காவது, அதாவது காரணம், முக்கால்வாசி காலி. கடைசியில் "இனிமேல் கவனமாக இருப்பேன்." இந்த ஒரு வாக்கியத்தைத் தடை செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

பெட்டிகளை எடுத்துவிட்டு நான்கு கேள்விகள் கொடுங்கள். என்ன நடக்கும் என்று நினைத்திருந்தாய்? என்ன நடந்தது? இரண்டுக்கும் நடுவில் இருந்த காரணங்கள் எவை? அடுத்த முறை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதை மாற்றுவாய்? முதல் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். எதிர்பார்ப்பை எழுதாதவருக்குத் தாம் எதில் ஏமாந்தோம் என்பதே பிடிபடாது.

மாதிரிக்கு ஒரு கொல்லிமலைப் பயணத்தைப் பார்ப்போம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒரு வேன் குடும்பக் கூட்டம், கூடவே பயிற்சி மாணவி. வழக்கமான நோட்டு இப்படி இருக்கும்: "இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். வயதானவர்கள் படி ஏறச் சிரமப்பட்டார்கள். பயணம் ஒன்றரை மணி நேரம் தாமதமானது. இனிமேல் கவனமாக இருப்பேன்."

இதற்கு ஆசிரியர் போட வேண்டியது டிக் அல்ல, கேள்வி. காலை டிபன் எங்கே, எத்தனை மணிக்கு? மலை ஏறுவதற்குச் சற்று முன் நாமக்கல்லில் வயிறு நிறையப் பூரியும் பொங்கலும் சாப்பிட வைத்தது யார் முடிவு? வளைவுகள் எழுபது என்று காரவள்ளியில் நிறுத்திச் சொன்னார்களா? குமட்டல் வரக்கூடியவரை முன்சீட்டில் உட்கார வைத்தார்களா, அல்லது சின்னப் பையன்கள் வேடிக்கை பார்க்க முன்னால் ஏறிவிட்டார்களா? அடுத்தது படி. இறங்கும்போது எல்லாருக்கும் தெம்பு இருக்கும். மூட்டு வலி தெரிவது ஏறும்போதுதான். ஆகையால் முடிவெடுக்க வேண்டிய இடம் அருவி அல்ல, கோயில் வாசல். அங்கே, "இறங்கறது சுலபமுங்க, ஏற ரெண்டு மடங்கு நேரம் ஆகும், நடுவுல திரும்ப வேற வழி கிடையாது" என்று சொல்லியிருந்தால் யார் யார் நின்றிருப்பார்கள்? நின்றவர்களோடு இருக்க ஒரு ஆள் உண்டா? கோயிலைச் சுற்றிக் காட்டவாவது ஏற்பாடு உண்டா? இல்லையென்றால் பெரியவர்கள் தனியாக உட்கார்ந்திருக்கச் சங்கடப்பட்டுக் கூடவே இறங்கத்தான் செய்வார்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகு எழுதிய நோட்டில் 'அடுத்த செயல்' தானாக உருப்படும்: காரவள்ளிக்கு வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு முன்பே, இட்லி அளவில் டிபனை முடிப்பது; அடிவாரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி இருக்கை மாற்றுவது; கோயில் வாசலில் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்கள்; மேலே தங்குவோருக்குப் பொறுப்பாக ஒருவர்; ஏறும் நேரத்தை இறங்கும் நேரத்தின் இரு மடங்காகக் கணக்கிட்டு மதிய உணவைத் தள்ளி வைப்பது. வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில், ஆடிப்பெருக்கு சமயத்தில், இதே கணக்கு செல்லாது என்பதையும் அவளே குறித்துவைப்பாள்.

ஓட்டல் பக்கம் வேறொரு கோளாறு உண்டு. அதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. யோசித்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் எல்லாப் பழியையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். முகூர்த்த நாள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கல்யாண வீட்டார் எடுத்த அறைகள் மதியம் மொத்தமாகச் செக்அவுட். இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் லாபியில் பெட்டியோடு நிற்கிறது. "ரூம் ரெடிங்களா?" "இன்னும் அரை மணி ஆகுமுங்க." ஒரு செக்அவுட் அறையை ஒழுங்காகச் செய்ய அரை மணியிலிருந்து முக்கால் மணி பிடிக்கும். அன்றைக்கு நாலு மணி வரை அறை கொடுக்க முடியவில்லை. மாணவன் எழுதுகிறான்: "நான் வேகமாக வேலை செய்யப் பழக வேண்டும்."

உண்மை வேறாக இருக்கலாம். ஒரு கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் விரிப்பு வேண்டும் என்பது தொழிலின் பொதுக் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டே செட் வைத்து ஓட்டும் இடத்தில், சலவைக்குப் போனது திரும்பி வரும்வரை உலக வேகத்தில் வேலை செய்தாலும் கட்டில் மொட்டையாகத்தான் கிடக்கும். அந்த மாணவன் கற்றுக்கொண்டது தப்பான பாடம். அதைவிடக் கெடுதல், நாளைக்கு அவனே ஹவுஸ்கீப்பிங் பிரிவுக்குத் தலைவரான எக்சிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பர் ஆனால் தன் கீழே இருப்பவரிடமும் "வேகம் பத்தாது" என்றுதான் சொல்லுவான்.

ஆகவே காரணங்களை மூன்றாகப் பிரித்து எழுதப் பழக்குங்கள்: நான் மாற்றக்கூடியது, என் சூப்பர்வைசர் மாற்றக்கூடியது, முதலாளியோ நிர்வாகமோ மட்டும் மாற்றக்கூடியது. முதல் வகைக்குச் செயல் எழுதட்டும். இரண்டாவதற்கு, யாரிடம் எந்தச் சொல்லில் கேட்பது என்று எழுதட்டும். மூன்றாவதைக் குறித்து வைத்தால் போதும். பதவி வரும்போது உதவும்.

இனி நடைமுறை. ஷிப்ட் முடிந்து அறைக்குப் போனால் படுக்கத்தான் தோன்றும். கட்டுரை எழுதச் சொல்வது கொடுமை. சட்டைப் பையில் அடங்கும் துண்டுச் சீட்டில் அன்றைக்கே ஐந்தாறு சொற்கள் போதும்: நேரம், இடம், யார் என்ன சொன்னார், கையில் என்ன இருந்தது. "2.20, மூன்றாம் மாடி பேன்ட்ரி, பெட்ஷீட் இல்லை, லிஃப்ட் காத்திருப்பு" என்பது போல. வார விடுமுறை நாளில் சீட்டுகளைப் பரப்பி, ஒன்றையோ இரண்டையோ எடுத்து, ஒவ்வொன்றையும் 150 முதல் 200 சொற்களில் எழுதட்டும். தினமும் எழுதச் சொன்னால் தினமும் பொய் வரும்.

தமிழில் எழுத விடுங்கள். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வரும் பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தின் அளவுக்குத் தன் யோசனையைச் சுருக்கிக்கொள்ளும். கைக்கு எழுத்து வராதவர் மூன்று நிமிட வாட்ஸ்ஆப் குரல் பதிவு அனுப்பலாம். இறுதி அறிக்கை ஆங்கிலத்தில் வேண்டுமானால் அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

விருந்தினர் பெயர், அறை எண், செல்பேசி எண், யாரோடு வந்தார் என்பதெல்லாம் நோட்டில் வரவே கூடாது. "திருப்பூருக்குத் துணி வாங்க வந்த பையர் ஒருவர்" என்றால் போதும். இதை முதல் நாளே சொல்லுங்கள். பின்னால் அடித்துத் திருத்துவது நடக்கிற காரியமல்ல.

ஆசிரியரின் வேலைப்பளுவைக் கணக்குப் போடாமல் இதை ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் படுத்துவிடும். அறுபது மாணவர், வாரம் இரண்டு குறிப்பு என்றால் 120 தாள். ஒருவரால் முடியாது. நான்கு ஆசிரியர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு முப்பது. ஒன்றுக்கு நாலு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். அதுவும் முடியாத துறை, மாணவர் தாமே தேர்ந்தெடுத்த ஒன்றை மட்டும் படிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் தீரும். பதிலாக ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும். பாராட்டும் அறிவுரையும் வேண்டாம். ஆனால் அது ஏழு நாளுக்குள் மாணவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். டிரெயினிங் முடிந்து கல்லூரி திறந்தபின் கிடைக்கும் கேள்வியைப் பரிசோதித்துப் பார்க்க அவரிடம் ஓட்டலே இருக்காது. இந்தத் தபால் தாமதம்தான் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பல முயற்சிகளையும் கெடுக்கிறது.

மதிப்பெண் 25 என்று வைத்தால், நிகழ்ச்சியைத் துல்லியமாகச் சொன்னதற்கு 5, விருந்தினர், சக ஊழியர், நிர்வாகம் என்று பல பக்கத்திலிருந்து காரணம் தேடியதற்கு 8, அடுத்த செயலை நேரமும் இடமுமாகச் சொன்னதற்கு 5, அதை மறுபடி செய்து பார்த்து என்ன ஆயிற்று என்று எழுதியதற்கு 7 கொடுக்கலாம். உணர்ச்சிக்கு மதிப்பெண் கூடாது. கொடுத்தால் எல்லாரும் அழத் தொடங்கிவிடுவார்கள். நடைக்கும் கையெழுத்துக்கும் வேண்டாம். செய்து பார்த்தது பலிக்கவில்லை என்றாலும் ஏழுக்கு ஏழு கொடுக்கத் தயங்காதீர்கள்.

புனைந்து எழுதியதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. அதில் மணி இருக்காது, யாரும் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள், பொருள் என்று ஒன்று இருக்காது, எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். "முதலில் கோபம் வந்தது, பிறகு பொறுமையின் அருமையை உணர்ந்தேன்" என்ற ரகம். ஏ.ஐ. எழுதிக் கொடுப்பதும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் வழுவழுப்பாக. தடை போட்டுத் துரத்த வேண்டாம். துண்டுச் சீட்டின் புகைப்படத்தை இணைக்கச் சொல்லுங்கள்; மாதம் ஒருமுறை போனில் அழைத்து, "அப்போ அந்தம்மா கையில என்ன வெச்சிருந்தாங்க?" என்பது போல இரண்டு கேள்வி கேளுங்கள். நடந்ததை எழுதியவர் தயங்காமல் சொல்லுவார். கூடவே, "காரணம் இன்னும் பிடிபடவில்லை" என்று முடியும் குறிப்பையும் முழுமையானதாக ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் தீர்வு கேட்பதுதான் பிள்ளைகளைப் பொய்க்குத் தள்ளுகிறது.

டிரெயினிங் முடிந்தபின் பத்து நிமிட வைவாவும் பளபளக்கும் ஸ்லைடும் வைக்கிறீர்கள். முதல் ஸ்லைடு ஓட்டலின் முகப்பு, இரண்டாவது ஊழியர் அமைப்புப் படம், கடைசி ஸ்லைடு நன்றி. அந்த நேரத்தை ஆறு ஆறு பேராகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் தன் நோட்டிலிருந்து ஒரு நிகழ்ச்சியை ஐந்து நிமிடம் சொல்லட்டும். மற்ற ஐவரும் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்கட்டும். "நானா இருந்தா..." என்று ஆரம்பிப்பவரை ஆசிரியர் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு சொன்னவரே தன் பழைய முடிவு நிற்கிறதா மாறுகிறதா என்று சொல்லட்டும். ஓட்டல் பெயர் எடுக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. இல்லாவிட்டால் எந்த ஓட்டல் மெஸ்ஸில் சாப்பாடு மோசம் என்ற பேச்சிலேயே மணி அடித்துவிடும்.

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. நோட்டு உண்மையானதாக ஆனால் அதில் நீங்கள் எதிர்பாராதவையும் வரும். பயிற்சி மாணவியிடம் யாராவது அத்துமீறியது எழுத்தில் வந்தால் அதை 'உணர்ந்தது' என்ற தலைப்பில் வைத்துக் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பக்கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் பயிற்சிக்கு வந்தவரையும் சேர்த்துத்தான் வரையறுத்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய விடுதி என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். நிகழ்ச்சி நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். டிரெயினிங் நீளமானது, நோட்டை எல்லாம் முடிந்தபின் மொத்தமாகப் படிக்கிற கல்லூரியில் இந்தக் கெடு தாண்டிப் போய்விடக்கூடும். டிப்ளமோ மாணவர்களில் பதினெட்டு நிறையாதவர் இருந்தால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். ஆகையால், "இதில் எழுதுவது யாருக்கும் போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "ஓட்டலுக்குப் போகாது, உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் உன்னிடம் சொல்லிவிட்டு மேலே கொண்டுபோவோம்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் எல்லா வகுப்புக்கும் கொண்டுவரச் சொல்லவில்லை. வரும் ஜூனில் ஒரு பிரிவு, முப்பது மாணவர், இரண்டு ஆசிரியர் என்று தொடங்கலாம். பாடத்திட்டக் குழு செய்ய வேண்டியது இரண்டு: லாக் புக் படிவத்திலிருந்து 'கற்றுக்கொண்டது' கட்டத்தை எடுத்துவிடுவது, டிரெயினிங் மதிப்பெண்ணில் 25ஐ யோசனை நோட்டுக்கு ஒதுக்குவது. துறைத் தலைவர்கள் செய்ய வேண்டியது, ஓட்டல்களுக்கும் டிராவல்ஸ்களுக்கும் அனுப்பும் சேர்க்கைக் கடிதத்தில் ஒரு பத்தி சேர்ப்பது: மாணவர் தனியாக ஒரு நோட்டு எழுதுவார், அதில் விருந்தினர் விவரமும் நிறுவனத்தின் பெயரும் இருக்காது, அதைக் கல்லூரி மட்டுமே படிக்கும், வாரத்தில் ஒரு நாள் ஷிப்ட் முடியப் பதினைந்து நிமிடம் முன்பு அவரை விட்டால் உதவியாக இருக்கும். சம்மதிக்காத நிறுவனம் இருந்தால் அடுத்த ஆண்டு அங்கே மாணவரை அனுப்புவது பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரத்தில் ஓட்டல், சுற்றுலாப் பயிற்சிப் பணியில் இருப்போர் சிலர்